சந்தனம் வைத்த பேட்டரி

கார் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இரண்டு தரம் முனகிவிட்டு நின்றது. மறுபடி திருப்பினேன், அதைவிட மெதுவாக முனகியது. காலை ஏழரை மணி. பத்து மணிக்குச் சாமராஜநகரில் என் சான்றிதழ்களைச் சரிபார்க்கிறார்கள். வராதவர்களுக்கு ஆசிரியர் வேலை இல்லை என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். தசரா பார்க்க எங்கள் மைசூருக்கு வந்த கூட்டமெல்லாம் ஊர் திரும்பும் நாள் அது, பஸ்ஸில் தொற்றக்கூட இடம் கிடைக்காது.

என் கணவர் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"பேட்டரி செத்துப்போச்சு, உடு. இன்னிக்கே போகோணும்னு என்ன இருக்குது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சாமராஜநகரில் வேலைக்குப் போவது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஒரு மாதமாக அதற்குத்தான் சண்டை.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். போயி வாயக் கொப்புளிங்க" என்றேன்.

ஹாரனை அழுத்தினேன், தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. விளக்கைப் போட்டேன், சுவரில் பளிச்சென்று விழுந்தது. சாவியைத் திருப்பியதும் அதே விளக்கு மங்கி அணைந்துபோனது. செத்த பேட்டரி இப்படிக் கத்தாது. கரண்ட் இருக்கிறது, வழியில் எங்கோ மாட்டிக்கொள்கிறது. பானெட்டைத் திறந்து, பேட்டரியின் பிளஸ் முனையைக் கவ்வியிருந்த கிளாம்பைத் தொட்டேன். விரல் சுட்டது.

பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸைக் கழற்றிவிட்டு அந்தப் பிளஸ் கிளாம்பையும் கழற்றினேன். உள்ளே கெட்டியாகக் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். ஆயுத பூஜைக்கு எல்லாரும் வண்டிக்கு வெளியில்தான் பொட்டு வைப்பார்கள். இந்த மகராசன் கிளாம்பைக் கழற்றி, முனையைச் சுற்றிச் சந்தனத்தை அப்பி, திரும்ப மாட்டியிருக்கிறார். அன்றைக்கு ஈரத்தில் வண்டி எப்படியோ ஓடி எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டது. இரண்டு நாள் காய்ந்ததும் கரண்டை மறித்துவிட்டது.

வெந்நீரும் உப்புத்தாளும் எடுத்து வந்தேன்.

"பூசை போட்டதை வழிக்காதே புள்ள, ஆகாது!" என்று கையைப் பிடித்தார்.

உதறினேன். "வேணும்னேதானே செஞ்சீங்க? நான் போகக்கூடாதுன்னு சாமி பேரச் சொல்லி வண்டியக் கெடுத்தீங்க!"

அவர் முகம் செத்துவிட்டது. நான் நிறுத்தாமல் தேய்த்தேன். ஈயம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, இரண்டு கிளாம்பையும் இறுக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அவர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். பற்பசை இன்னும் உதட்டோரத்தில் இருந்தது.

"நீ தனியாப் போற வண்டி. வழியில நிக்கக்கூடாதுன்னுதான் உள்ளேயும் வெச்சேன்."

அது உண்மை என்று எனக்கு அப்போதே தெரியும். சண்டை போடுவாரே தவிர அந்த மனுஷனுக்குச் சூது வராது. ஆனால் நம்புகிறேன் என்று சொன்னால் இறங்கி மன்னிப்புக் கேட்க வேண்டும், மணி எட்டாகிக்கொண்டிருந்தது. அதைவிட, கேட்க எனக்கு மனசில்லை.

"நான் நம்ப மாட்டேன்" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். வேலை கிடைத்தது. நம்ப மாட்டேன் என்று நான் சொன்னதை அவர் நம்பிக்கொண்டிருக்கிறார், இன்றுவரை நான் திருத்தவில்லை.