நான் எடுத்த நாலு செங்கல்

பீங்கான் கம்பெனியில் செக்கர் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லாமலே பாதி புரியும்: சாமான் நன்றாக வந்தால் பெயர் சூளைக்கு, கெட்டு வந்தால் திட்டு நமக்கு. விருத்தாசலத்தில் ஊறுகாய் ஜாடி செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் பதினோரு வருடத்துக்கு மேல் அந்தத் திட்டை வாங்கியவள் நான். முதலாளியிடம் மட்டும் செல்போன் இருந்த காலம்.

சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு ஜாடியையும் விரலால் சுண்டி, சத்தத்தைக் கேட்டு, நல்லது, சுமார், கழிவு என்று பிரிக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் இந்த வேலை. ஏழாம் நாள் சர்ச்சில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பேன். பிரித்துப் பிரித்துப் பழகிவிட்டால் மனிதர்களையும் அப்படியே பிரிக்கத் தோன்றும். அந்த வியாதி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கற்பூரம்

எங்கள் சூளையில் இன்னும் சுடாத பச்சை ஜாடிகளை அடுக்கி முடித்ததும், வாசலைச் செங்கல் வைத்து அடைத்து மண் பூசுவார்கள். பிறகு அதன் முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் தீ போடுவார்கள். அந்த நேரத்தில் நான் மட்டும் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொள்வேன். சும்மா நின்றிருந்தால் பரவாயில்லை. எல்லோரும் பார்க்கும்படி கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை வேறு திருப்பிக்கொள்வேன். விசுவாசம் என்று அப்போது நினைத்தேன். பாதி வீம்புதான்.

சூளையில் ஜாடி அடுக்குகிற செல்விதான் கற்பூரம் ஏற்றுவாள். பெண்ணாடம் பக்கத்துக் கிராமம், தினமும் பஸ்ஸில் வருவாள். ஒரு நாள் குங்குமக் கையோடு நேராக என்னிடமே வந்துவிட்டாள். வம்புக்கு வருகிறாளோ என்று விறைப்பாக நின்றேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அங்கயே நின்னு உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடுங்கக்கா, சூள ஒண்ணுதான இருக்குது."

திட்டக்குடிக் கடைக்காரர்

திட்டக்குடியிலிருந்து ஒரு பாத்திரக்கடைக்காரர் வந்தார். ஓரமாக அடுக்கியிருந்த ஜாடிகளைப் பார்த்து, எல்லாம் நல்லதுதானே என்று கேட்டார். அது சுமார் ரகம், உப்புத் தண்ணீர் கசியும் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற முதலாளிக்கு முகம் சுருங்கியது. ஆனால் அந்த மனிதர் அன்றைக்கு நல்ல ரகத்தையே வாங்கிப் போனார். அதற்கப்புறம் வந்தபோதெல்லாம் என்னைத் தேடித்தான் வந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளிடம் இதை ஒரு சாட்சியாகவே சொன்னேன். அடுத்த முறை அவர் முதலாளியிடம் சொன்னதை மட்டும், அடக்கமாக இருக்கட்டும் என்று, பிள்ளைகளிடம் சொல்லவில்லை: "இந்தம்மா சொல்லிட்டா போதும்ங்க, நான் ஜாடிய தொட்டுக்கூட பாக்க மாட்டேன்."

நாலு செங்கல்

தீ அணைந்த பிறகு இரண்டு நாள் சூளையை ஆற விட வேண்டும். நடுவில் குளிர்காற்று பட்டால் ஜாடி விரிசல் விட்டுவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒரு நாள்தான் ஆகியிருந்தது, மறுநாள் காலையே லாரி வருவதாக இருந்தது. முதலாளி வேப்பூர் போயிருந்தார். தீ போடுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். கொஞ்சம் சீக்கிரம் ஆறட்டுமே என்று, துணியைச் சுற்றிய கையால் வாசலின் மேல்வரிசையிலிருந்து நாலு செங்கலை எடுத்தேன். சிறிது நேரத்தில் உள்ளே கிணிங் கிணிங் என்று சத்தம். ஒவ்வொரு சத்தமும் ஒரு ஜாடி. அவசர அவசரமாகச் செங்கலைத் திரும்ப வைத்து மண்ணைப் பூசினேன். யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் சூளையைப் பிரித்தபோது முக்கால்வாசி விரிசல். முதலாளி நெல் வியாபாரத்திலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர், சூளை நுணுக்கம் தெரியாது. எப்படி ஆச்சு என்று எல்லோர் முன்னாலும் என்னைத்தான் கேட்டார். "சரியா காயாத ஜாடிய அடுக்கிட்டாங்க போல இருக்குதுங்க" என்று என் வாய் சொன்னது. அடுக்கியது செல்வி. அது எல்லோருக்கும் தெரியும்.

ஈர ஜாடி என்றால் சூடேறும்போதே விரிந்துவிடும். அதன் மேல் கண்ணாடிப் பூச்சு உருகி ஓடுவதால் விரிசலின் ஓரம் மழுங்கியிருக்கும். ஆறும்போது விரிந்தால் ஓரம் கூராக இருக்கும். செல்வி ஒரு உடைந்த துண்டை எடுத்து ஓரத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். "நல்லா காய்ஞ்சதத்தான் அடுக்கினேங்க" என்று மட்டும் சொன்னாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலாளி கூடவே சொன்னது இது: "ஸ்டெல்லா பொய் சொல்ற ஆளு இல்லம்மா."

ஜெப விண்ணப்பம்

அன்றிலிருந்து தினமும் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு எழுந்தால் கொஞ்சம் லேசாக இருக்கும், கம்பெனி வாசலை மிதித்ததும் திரும்பக் கனக்கும். உங்களில் சிலருக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரிந்திருக்கும்.

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவராக விண்ணப்பம் சொன்னபோது, நானும் எழுந்து, "வேலை போய்க் கஷ்டப்படுற செல்விங்கிற சகோதரிக்காக ஜெபிச்சுக்குங்க" என்றேன். வேலை எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அழுகை வந்தது, நிஜமாகவே அழுதேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. கூட்டம் முடிந்ததும் பாய் சுருட்டிக்கொண்டிருந்த மேரியம்மா என் தோளைத் தட்டிக்கொடுத்தார்: "யாரோ ஒரு பொண்ணுக்காக இப்படி உருகுறியே ஸ்டெல்லா, உன் மனசு யாருக்கு வரும்!"

திருவிருந்துக்கு முன்

மேரியம்மா தட்டிய தோள் வாரம் முழுக்க எரிந்தது. அந்த ஞாயிறு சர்ச்சில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து. அப்பத்துக்கு வரிசையில் நிற்கக் கால் வரவில்லை. ஆராதனை தொடங்குமுன் போதகரைப் பின்னறையில் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் கைவைத்து ஒரு ஜெபம் செய்வார், அதோடு தீர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கையைத் தூக்கவே இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகள் உண்டா, இப்போது என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். இரண்டு பெண் பிள்ளைகள் என்பது தெரியும், வேலை தெரியாது. தினமும் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் ஐயா என்று இழுத்தேன். அவருடைய குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை: "வேல போனது ஆண்டவருக்கு இல்லம்மா, செல்விக்கு. அவங்ககிட்ட போனீங்களா?"

கரும்புத் தோட்டம்

அப்பம் வாங்காமலே வெளியே வந்து பெண்ணாடம் பஸ் ஏறினேன். விசாரித்துப் போனால், செல்வி கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கரும்புச் சோகை அறுத்த கீறல். சூளை வேலை செய்த கை அது. என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "வாங்கக்கா" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் உடைந்துபோனேன். செங்கல் எடுத்தது, பொய் சொன்னது, ஜெபக்கூட்டத்தில் அழுதது எல்லாவற்றையும் வரப்பில் உட்கார்ந்து கொட்டினேன்.

"விரிசல தடவினப்பவே தெரியும்க்கா. அப்ப சொன்னா யாரு நம்புவாங்க? நீங்க ஜெபம் பண்றவங்க, எப்படியும் சொல்லிடுவீங்கன்னு வூட்டுக்காரர்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். இத்தினி நாளாவும்னுதான் நெனைக்கல." தண்ணீர்க் குடத்தை என் பக்கம் நகர்த்தினாள். மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். அவள் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை: "எனக்குத்தான் தெரியுமேக்கா, தெரியாதவங்ககிட்ட போயி சொல்லுங்க."

மறுநாள்

திங்கட்கிழமை காலை எல்லோரும் கையெழுத்துப் போட வந்து நின்ற நேரத்தில் சொன்னேன். முதலாளியைத் தனியாகப் பார்த்துச் சொல்லலாமே என்று கடைசி நிமிடம் வரை மனசு கெஞ்சியது. ஆனால் செல்வியின் பேர் கெட்டது அத்தனை பேர் முன்னால்தானே. தீ போடுகிறவர் என்னைப் பார்க்காமல் சூளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி செல்வியைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். அவள் வியாழக்கிழமை வந்தாள், வந்ததும் பழைய இடத்தில் அடுக்க ஆரம்பித்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது. அது அவளுடைய உரிமை. என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. நான் பிரித்து வைத்த ஜாடி வரிசையின் முன்னால் வந்து நின்றுகொண்டு முதலாளி சொன்னார்: "ஸ்டெல்லா பாத்தத செல்வியும் ஒருவாட்டி பாக்கட்டும், அதுக்கப்புறம் லாரில ஏத்துங்க."

பொய் சொல்லாதவள் என்று பேர் வாங்க எனக்குப் பதினோரு வருடம் ஆனது. அந்தப் பேர் போக ஒரே ஒரு உண்மை போதுமாக இருந்தது.