கடைசிப் பக்கத்தில் திவ்யா பேர்

ஒரு டாக்டர் எழுதிய கட்டுரையை இன்னொரு டாக்டர் தன் கட்டுரையில் எடுத்துச் சொன்னால் அது ஒரு மேற்கோள். அதையெல்லாம் எண்ணிப் போடுவதுதான் எங்கள் வேலை. இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், முதுகுவலியைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம். ப்ளஸ் டூவோடு படிப்பை விட்டுவிட்டு, எர்ணாவூரிலிருந்து பஸ் பிடித்து, ராயபுரத்தில் ஒரு நுரையீரல் ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தேன். பக்கத்து நாற்காலி கொருக்குப்பேட்டை திவ்யாவுக்கு. எனக்குப் பிறகு வந்தவள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டினாலும் கணக்குதான்

எங்கள் குழுவில் அதிக மேற்கோள் வாங்கியது டாக்டர் சேகரின் பழைய கட்டுரை. எதிர் அறை டாக்டர் மாலினிக்கு அது பொறுக்கவில்லை. யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று திறந்து பார்க்கச் சொன்னார். பார்த்தால், பாதிப்பேர் "இவர் சொன்னது எங்களுக்குச் சரியாக வரவில்லை" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். "இதெல்லாம் கழிச்சிடலாம் இல்ல?" என்று ஆசையாகக் கேட்டார். "முடியாது மேடம், திட்டினாலும் மேற்கோள்தான்" என்றேன். மூஞ்சி சுருங்கிவிட்டது.

"அப்போ நானும் ஒரு தப்பான கட்டுரை எழுதறேம்மா. நாலு பேர் திரும்பிப் பார்க்கட்டும்."

சொந்த ஓட்டு

ஒருத்தர் தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டினால் அதைக் கழிக்க வேண்டும். இது விதி. டாக்டர் சேகர் கணக்கில் கை வைத்தபோது அவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். நான் ஒவ்வொன்றாகக் கழிக்கக் கழிக்க, ரத்தம் எடுக்கிற மாதிரி "ஸ்ஸ்" என்றார். நான் நிறுத்தவில்லை.

"என் கட்டுரையை என்னைவிட ஒழுங்கா படிச்சவன் வேற எவன்மா இருக்கான்?"

அம்மா கிளப்பிவிட்டது

இந்த எண்ணிக்கையை வைத்தே இரண்டு டாக்டர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். கடைசியில் உதவியவர்களுக்கு நன்றி போடுவோம் என்றார் மாலினி மேடம். எண்ணியது முழுக்க நான். திவ்யா அதற்குக் கலர் கலராகப் படம் போட்டாள், அவ்வளவுதான். அம்மாவிடம் வாயை அடக்காமல் சொல்லிவிட்டேன். காசிமேட்டில் மீன் விற்கிற அம்மா, கூடை இறக்குவதற்குள் எல்லாருக்கும் பரப்பிவிட்டாள்.

"எம் பொண்ணு பேரு டாக்டருங்க புக்குல வரப்போவுது, தெரியுமா? படிக்கலன்னு சொன்னீங்களேடி!"

ஒரே ஒரு வரி

கட்டுரை வந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி, திவ்யாவுக்கு மட்டும். படம் கண்ணில் பட்டதால் படம் போட்டவள் ஞாபகத்துக்கு வந்தாளாம். திவ்யா ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தாள். நான் தொண்டை வலி என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் அம்மா செல்போனை நீட்டி, "எங்க, காட்டு" என்றாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. திவ்யா பேர்மேல் விரலை வைத்து இதுதான் நான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் பேரை என் பேர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரலம்மா, திவ்யா பேர்தான் வந்திருக்கு என்றேன்.

"அவ உன்னவிட இன்னாடி ஜாஸ்தி பண்ணிக்கினா?"

முதல் மேற்கோள்

அப்புறம் தினமும் ஆபீஸ் போனதும் முதலில் அந்தக் கட்டுரையைத்தான் திறப்பேன். மேற்கோள்: பூஜ்யம். டீ இனிக்கும். ஒருநாள் ஒன்று என்று காட்டியது. டீயைக் கீழே வைத்துவிட்டேன். யாரென்று பார்த்தால் நம்ம டாக்டர் சேகர், தன் புதுக் கட்டுரையில்! சொந்த ஓட்டு. இத்தனை சந்தோஷமாக நான் எதையும் கழித்ததில்லை.

அந்த நேரம் பார்த்து திவ்யா எட்டிப் பார்த்தாள். "ஏய், நம்ம கட்டுரைக்கு ஒண்ணு வந்துகீதுடி!" என்று என் தோளைக் குலுக்கினாள். நம்ம கட்டுரையாம். அது செல்லாது, கழித்துவிட்டேன் என்றேன். அவள் முகம் வாடும் என்று காத்திருந்தேன். சிரித்தாள்.

"வுடுடி. வேற யாரு படிக்காட்டியும், நீ ஒருத்தி டெய்லி தொறந்து பாத்துகினுதான கீற."

அந்தக் கட்டுரையை உலகத்திலேயே அதிக தடவை திறந்தவள் நான்தான், வயிற்றெரிச்சலில் படிப்பதை எண்ணத்தான் எங்கள் ஆபீஸில் இன்னும் விதி வரவில்லை.