முன்படியில் குடித்த டீ

வழிகாட்டிக்கே வழி சொல்லுகிற ஆள் ஒருவர் எல்லாச் சுற்றுலாவிலும் இருப்பார். போன தவக்காலத்தில், விழுப்புரத்தில் கிளம்பித் திண்டிவனத்தில் முடிந்த ஒரு நாள் சுற்றுலாவில் அந்த ஆள் நான்தான். நாலு புத்தகம் கூடப் படித்தவன் என்ற எண்ணம் எனக்கு உண்டு. அது மற்றவர்களுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்ற கவலையும் உண்டு.

பழைய தேவாலயங்களையும், சுற்றியுள்ள ஊர்களின் கைத்தொழில்களையும் ஒரே நாளில் காட்டுவது ஏற்பாடு. வேனில் பெரும்பாலும் பென்ஷன்காரர்கள். எங்களை அழைத்துப்போன அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். வழியில் உள்ள ஒரு கிராமத்துக் காலனிதான் அவருடைய ஊர். அங்கே பெண்கள் சேர்ந்து பனையோலையில் கூடை, பெட்டி எல்லாம் முடைகிறார்கள். குருத்தோலை ஞாயிறன்று அந்த ஊர்த் தேவாலயத்தின் பங்கு மக்கள் எல்லாரும் ஏந்துகிற ஓலைச் சிலுவைகள் இவர்கள் செய்தவைதான்.

"இந்த வருசம் திருவிழாவுக்குக் கோயில் வாசல்லயே கடை போட எடம் தர்றேன்னு சொல்லியிருக்காங்க சார். எங்களுக்கு இதான் மொத வாட்டி" என்றார். காலையிலிருந்து அதை மூன்று பேரிடமாவது சொல்லியிருப்பார்.

காலனியில் எனக்கும் சிலுவை முடைய ஒரு ஓலை கொடுத்தார்கள். என் கைவேலையை எட்டிப் பார்த்த ஒரு பெண், "இன்னா சார், தேளு பண்ணிக்கினு இருக்கீங்களா?" என்றார். அத்தோடு நான் அடங்கியிருக்க வேண்டும்.

அங்கிருந்து அந்த ஊர்த் தேவாலயத்துக்குப் போகும்போது வேன் ஊர்த்தெருவில் நுழையாமல் ஏரிக்கரைப் பக்கமாகச் சுற்றிப் பக்கவாசலில் நின்றது. முகப்பைப் பார்க்காமல் இது என்ன நுழைவு என்று கேட்டேன்.

"இப்பிடியே போய்டலாம் சார். நெழலா இருக்கும்."

நான் கேட்கவில்லை. எல்லாரையும் தெருவைச் சுற்றி முன்படிக்கு நடத்திப் போனேன். அதோடு விட்டேனா? படம் எடுக்க வேண்டும், அங்கேயே உட்கார்ந்து ஒரு சிலுவை முடைந்து காட்டுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் தயங்கினார். தச்சன் மகன் வீட்டு வாசலில் கைத்தொழில் செய்ய என்ன கூச்சம் என்று சின்னப் பிரசங்கமே செய்தேன்.

"அவருக்கு ஒண்ணும் இல்ல சார். இங்க இருக்கறவங்களுக்குத்தான்" என்று மெல்லச் சொன்னார். என் பேச்சு எனக்கே பிடித்துப்போயிருந்ததால் அது காதில் ஏறவில்லை. பென்ஷன்காரர்கள் கை தட்டினார்கள். அவர் உட்கார்ந்தார்.

பாதிச் சிலுவையில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வந்தார். திருவிழாக் கமிட்டியில் இருப்பவராம். எங்களைக் கும்பிட்டார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, குரலை உயர்த்தாமலே பேசினார்.

"உன்ன யாரு இங்க ஒக்காரச் சொன்னது? உங்க வாசல் எதுன்னு தெரியாது? கட போட எடம் குடுக்காதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன். குடுக்கறேன்னவங்க இப்ப வந்து பாக்கட்டும்."

அந்த அம்மா சிதறிய ஓலைத் துணுக்குகளை ஒன்று விடாமல் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு, பக்கவாசலுக்கு நடந்தார். ஒரே சாமி, ஒரே பூசை. முடைந்த சிலுவைக்கு ஒரு வாசல், முடைந்தவர்களுக்கு இன்னொன்று.

எங்களிடம் திரும்பிய வேட்டிக்காரர், "வெயில்ல வந்துருக்கீங்க, ஒக்காருங்க" என்று டீ வரவழைத்தார். அந்த அம்மா எழுந்துபோன அதே படியில் உட்கார்ந்தோம். "நான்தான் அவரை உட்காரச் சொன்னேன்" என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. காலையிலிருந்து மூடாத வாய், அப்போது அதில் டீ இருந்தது. ஏலக்காய் போட்டிருந்தார்கள். பக்கவாசல் தூணருகே நின்று அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

 

அநியாயத்தை எதிர்த்துப் பேசுகிற புத்தகங்களே என் வீட்டில் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. இப்போதெல்லாம் அதைத் திறந்தாலே ஏலக்காய் மணக்கிறது.

திருவிழா முடிந்ததும் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். கடைக்கு இடம் கொடுக்கவில்லையாம். மன்னிப்புக் கேட்டேன்.

"வுடுங்க சார். அடுத்த வாட்டி வந்தீங்கன்னா, கோயிலுக்குப் போறதுக்கு முந்தியே டீ வாங்கிக் குடுத்துர்றேன்."