பலன் சொன்ன ஸ்லோகம்

நான் ஆறாவது படிக்கும்போது அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அன்றிலிருந்து ஸ்ரீரங்கத்து வீட்டில் அப்பா தினமும் காலையில் ஒரு ஸ்தோத்திரத்தைப் பாராயணம் செய்ய ஆரம்பித்தார். பாலம் தாண்டி டவுனில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் அவருக்கு வேலை. பஸ்ஸுக்கு நேரமானாலும் ஒரு வரி விடமாட்டார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் கேட்பேன். இதைச் சொல்கிற வீட்டில் நோய் தங்காது என்பது கடைசி ஸ்லோகத்தின் அர்த்தம்.

"யார் சொன்னாப்பா?"

"இதுலயே சொல்லியிருக்கே."

அதற்கு முந்தின லீவில் ஒருநாள் அவருடன் ஆபீசுக்குப் போயிருந்தேன். ஒருவர் தன் வயதைத் தானே தாளில் எழுதி, கீழே தானே கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உங்களுக்கு நீங்களே சாட்சி சொல்லிக்க முடியாதுங்க என்று அப்பா அதைத் திருப்பிக் கொடுத்தார். அது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"புஸ்தகம் மட்டும் தனக்குத் தானே கையெழுத்து போட்டுக்கலாமா?" என்றேன்.

ஒத்தாசைக்கு வந்திருந்த அத்தை சமையலறையிலிருந்து ஓடிவந்து, கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அப்பா அவளைக் கையமர்த்தினார். படித்த இடத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டார்.

"நீ கேக்கறது சரிதான். இது சாட்சி ஆகாது. அம்மா உடம்பைப் பத்தி டாக்டர்தான் சொல்லணும்."

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படித்தார். எனக்கு ஜெயித்த பெருமை பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாதாரணக் கட்டிதான் என்றார் டாக்டர். பார்த்தாயா, பலித்துவிட்டது என்று அத்தை என்னை இடித்துக் காட்டினாள். அப்பாவும் அதையே சொல்லப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொல்லவில்லை. டாக்டரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் வழக்கம்போலப் பாராயணம். தோற்ற பிறகும் ஏன் படிக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம்.

இப்போது என் மகள் கேள்வி கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. பிறகு அப்பாவை நினைத்துக்கொள்வேன். அந்த நாட்களில் அவர் ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம். அம்மா வெகுகாலம் கழித்துச் சொன்னாள். அவ்வளவு பயத்தில் இருந்தவரிடம் போய், அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றையும் செல்லாது என்று சொல்லியிருக்கிறேன். அவர் சரி என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.