செல்லிப்புழு டின்னுடன் திருவனந்தபுரம்

திருவனந்தபுரத்துக்கு ஊரே கோயிலுக்குப் போகும், கடற்கரைக்குப் போகும். போன மாதம் நான் போனது புழு கொண்டு போய்க் கொடுக்க. சிரிக்காதீர்கள். மீன்குஞ்சோ தேனீப்பெட்டியோ, உயிருள்ள எதையாவது எடுத்துக்கொண்டு ரயிலேறுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பினால், நான் பட்ட பாட்டில் பாதியாவது மிச்சமாகும்.

என் கணவரின் தங்கை செல்வி கழக்கூட்டத்தில் விடுதியில் தங்கி, பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். அவள் ஆராய்வது தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழுவை. குழித்துறைப் பக்கம் நாங்கள் செல்லிப்புழு என்போம். எருக்குழியைக் கிளறினால் வெள்ளைவெளேரென்று கட்டைவிரல் தடிமனில் சுருண்டு கிடக்குமே, அதுதான். மக்கிய மட்டையும் சாணியுமே அதற்குச் சாப்பாடு. நாரைச் செரிக்கிற வேலையில் பெரும்பங்கு அதன் பின்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுடையது. அந்தக் குடித்தனக்காரர்கள் யார் யார் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் செல்வி மூன்று வருடம் உழைத்திருக்கிறாள். மூன்று வருடமும் எங்கள் வீட்டு எருக்குழிப் புழுதான்.

கோடையில் அவள் வளர்த்த புழுக்கள் மொத்தமும் செத்துப்போயின. கடைசிச் சோதனை ஒன்று பாக்கி. வேறு ஊர்ப் புழு என்றால் வயிற்றுக்குள் வேறு கூட்டம் இருக்கும், பழைய முடிவுகளோடு ஒட்டாது. நாங்களோ அப்போதுதான் குழியை வாரித் தென்னைக்கு வைத்திருந்தோம். மூலையில் மிஞ்சியதைக் கிளறி நான் பொறுக்கியது பதினெட்டு புழு. அவையும் போனால் அவளுக்கு அடுத்த வருடம்தான் வழி. உதவித்தொகை இந்த வருடத்தோடு நின்றுவிடும்.

"மதினி, புழுவ மட்டும் கொண்டு வந்தா போராது. அது கெடந்த எருவும் அதுக்க புழுக்கையும் அப்படியே இருக்கணும்" என்று போனில் சொன்னாள். காரணமும் சொன்னாள். புழு தோலுரிக்கும்போது பின்குடலின் உள்தோலும் சேர்ந்து உரிந்துவிடுமாம். குடியிருந்த கூட்டத்தில் முக்கால்வாசி அதோடு போய்விடும். பிறகு அது தன் புழுக்கையைத் தானே தின்றுதான் அவற்றைத் திரும்ப வயிற்றுக்குள் குடியேற்றுகிறது. கேட்டபோது எனக்கும் உவ்வே என்றுதான் இருந்தது. ஆனாலும் பிழைக்கத் தெரிந்த ஜென்மம்.

பழைய பிஸ்கட் டின் ஒன்றில் மூடியில் ஆணியால் துளை போட்டு, எருவும் புழுக்கையுமாக நிரப்பி, புழுக்களைப் புதைத்து எடுத்துக்கொண்டேன். குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் முப்பத்தைந்து கிலோமீட்டர். காலைப் பயணிகள் வண்டியில் பத்து ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். பாறசாலை வந்ததும் பெட்டியில் பேச்சு தானாகவே மலையாளத்துக்கு மாறும். டின்னை மடியிலேயே வைத்திருந்தேன். மேலே வைத்தால் மின்விசிறிச் சூடு, கீழே வைத்தால் கால் இடிக்கும்.

நிலையத்திலிருந்து கிழக்கேகோட்டைக்கு ஆட்டோ, முப்பது ரூபாய். ஓட்டுநர் துளைகளைப் பார்த்துவிட்டு, "எந்தா சேச்சி, கோழிக்குஞ்சா?" என்றார்.

"செல்லிப்புழு."

"அய்யோ! எங்க வீட்டுல நாலு தெங்கு போச்சு இதுனால. நீங்க டின்னுல வச்சு வளத்துறீங்களா?" நல்லவேளை, இறக்கிவிடவில்லை.

செல்வி மதியத்துக்கு மேல்தான் வரச் சொல்லியிருந்தாள். அதுவரை பத்மநாபசுவாமியைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். கோயிலுக்குள் புழு டின்னோடு போக முடியுமா? கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் கல்பகம் மாமி இருக்கிறார். ஐம்பது வயது. ஆறு வருடம் நாகர்கோவிலில் என்னோடு ஒரே அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர். மேசையைத் தினம் இரண்டு முறை துடைக்காமல் பேனாவைத் தொடமாட்டார். அவரிடம், "செல்விக்கு ஒரு சாமான் மாமி, பத்திரமா பாத்துக்கோங்க" என்று கொடுத்துவிட்டுப் போனேன். உள்ளே என்ன என்று சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்குள் விடுவாரா?

தரிசனம் திவ்வியம். திரும்பி வந்தால் கூடத்தில் பளபளவென்று புது டப்பா.

"என்னடி இது, வாயில்லா ஜீவனைச் சாணிக்குள்ள அடைச்சுக் கொண்டு வந்திருக்கே! நாத்தம் வரதேன்னு தொறந்தேன், பாவமா இருந்தது. ஸ்பூனால ஒண்ணொண்ணா எடுத்து, ஈரத்துணியால தொடச்சு, தென்னைநார்த் தூள் போட்டு விட்டிருக்கேன். மெத்துனு இருக்கும். கேரட்டும் நறுக்கி வெச்சேன், கேட்டோ?"

"எருவ எங்க மாமி?"

"நல்ல எருவை யாராவது குப்பைல கொட்டுவாளா? கொல்லைல கீரை வளக்கற மண்பைகளுக்குப் போட்டேன். தண்ணியும் விட்டாச்சு."

கத்திவிட்டேன். செல்வியின் மூன்று வருடம், உதவித்தொகை, உரியும் குடல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மாமியின் முகம் சுருங்கிவிட்டது. "நம்மாத்துக்கு வந்ததை அழுக்குல வெச்சிருக்க மனசு வரலைடி" என்றார். அதற்கு மேல் என்ன சண்டை போடுவது?

செல்வியைக் கூப்பிட்டேன். "மதினி, புழுக்கை ஒடனே தண்ணியில கரையாது. கறுப்பா, சப்பையா, உளுந்து கணக்கா கெட்டியா இருக்கும். எவ்வளவு கெடைக்குதோ பொறுக்குங்க" என்றாள்.

கொல்லையில் உட்கார்ந்து ஈர எருவை விரலால் துழாவினேன். மண்ணும் எருவும் குழைந்து, எது எதுவென்றே தெரியவில்லை. மாமி உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில் அரிசி புடைக்கும் முறம்.

"நகரு."

பைகளின் மேல்மண்ணை வழித்துப் பழைய பேப்பரில் பரப்பி, மின்விசிறியடியில் உலர்த்தினார். ஈரம் வற்றியதும் கொஞ்சம் கொஞ்சமாக முறத்தில் எடுத்துப் புடைத்தார். தூள் பறந்தது, மண் ஒரு பக்கம் ஒதுங்கியது, புழுக்கை நுனிக்கு வந்து நின்றது. அரிசியில் கல் பொறுக்குகிற அதே விரல்கள். சமையலறைக்குள் வெங்காயத்தைக்கூட யோசித்து விடுகிற மனுஷி! மூக்கைச் சுளிக்கவில்லை.

"மாமி, முறம்..."

"சாரமில்லை, போனாப் போறது. இனிமே இது இதுக்குத்தான்."

ஒரு டம்ளர் அளவு தேறியது. புழுக்களை அந்தப் புழுக்கையோடு பழைய டின்னுக்கே மாற்றினோம். நான் கிளம்பும்போது மாமியும் புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். கிழக்கேகோட்டையிலிருந்து கழக்கூட்டம் பதினைந்து கிலோமீட்டர். பேருந்தில் இருபத்தைந்து ரூபாய்க்குள்தான், ஆனால் நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஓடிவிடும். வழி நெடுக டின் மாமியின் மடியில்.

வாசலிலேயே செல்வி மூடியைத் திறந்தாள். பதினேழு அசைந்தன. ஒன்று மட்டும் தலைகூட வெளுத்து, துவண்டு கிடந்தது. பக்கத்தில் சுருங்கிய தோல்.

"இப்பதான் உரிச்சிருக்கு. நாளைக்கோ மறுநாளோ தலை கறுத்துத் தின்னத் தொடங்கணும். இது பொழச்சா மத்ததும் பொழைக்கும்" என்றாள். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இப்போது உங்களுக்கு. டின்னை யாரிடம் விட்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். வெட்கப்பட்டால் வேலை கெடும். கோயில் நடை காலையில் விட்டு விட்டுத்தான் திறக்கும், நேரம் விசாரித்துப் போங்கள். பெண்களுக்குப் புடவை உத்தமம். செல்போனும் உள்ளே கூடாது. உயிரை இடம் மாற்றுகிறவர்கள் அது கிடந்த அழுக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். நமக்குத்தான் அது அழுக்கு. சுத்தம் சோறு போடும் என்பார்கள், செல்லிப்புழுவுக்கு மட்டும் போடாது.

மூன்றாம் நாள் செல்வியின் குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. வெளுத்த தலை கறுத்து, புழு டின்னின் அடிக்குப் போய் ஒரு புழுக்கையைக் கவ்விக்கொண்டு விடவே இல்லையாம். அதற்குள் இன்னும் இரண்டு தோலுரித்துவிட்டன. சோதனையைத் தொடங்கிவிட்டாள். "மாமியிட்ட நீங்களே சொல்லுங்க மதினி" என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

உடனே கூப்பிட்டுச் சொன்னேன். மாமி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அதுக்கு வயிறு நெறஞ்சுதோ?" என்று கேட்டார்.