வாசலுக்கு நேரே ஒரு வாசல்

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா, மலைநாட்டு ஓவியங்களின் காட்சிக்கூடமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. இடம் போதாமல் பாதிப் படங்கள் பெட்டிக்குள் பூசணம் பிடித்துக் கிடந்தன. பின்பக்கம் புதிதாக ஒரு கூடம் சேர்த்துக் கட்ட முடிவாயிற்று. பிளான் வரைந்தவன் நான். கொழுந்து பறித்தவளின் மகன் வரைந்த முதல் கட்டடம். தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா?

வெயிலும் பனிமூட்டமும் நேரே உள்ளே போய்ப் படங்களைக் கெடுக்காமல் இருக்க, பங்களாவின் பழைய முன்வாசலுக்கு நேராக இல்லாமல் ஆறடி பக்கவாட்டில் தள்ளிப் புதுக் கூடத்தின் வாசலை வரைந்திருந்தேன். நிலை வைக்கும் நாளன்று திரிங்காப் ரோட்டில் மண் சரிந்து, காய்கறி லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். வந்து பார்த்தால், மஞ்சள் குங்குமம் பூசி, மாவிலை கட்டி, பழைய வாசலுக்கு நேருக்கு நேராக நிலையை நிறுத்தியிருந்தார், தொழிலாளர் லயத்தில் எங்களோடு குடியிருந்த ஆசாரி. அன்று நான் கத்தியதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“வாசலுக்கு நேரே வாசல் இருக்கணும்லா தம்பி. பூசை போட்டு வச்ச நிலைய நான் புடுங்க மாட்டேன்.”

மற்றவர்களும் கை வைக்க மறுத்துவிட்டார்கள். முன்கூரையை நீட்டி, கண்ணாடிக் கதவு போட்டு ஒருவழியாகச் சமாளித்தேன். இரண்டு வாசல் வழியாகவும் பின்சுவர் வெறுமையாகத் தெரிந்ததால், பெட்டியில் இருந்ததிலேயே பெரிய படத்தை அங்கே மாட்டினோம். கொழுந்துக் கூடையோடு மலையிறங்கும் பெண்கள்.

திறப்பு நாளன்று லயத்திலிருந்து அம்மா வந்தார். முன்படி வந்ததும் நின்றுவிட்டார். துரை காலத்தில் லயத்து ஆட்கள் அந்தப் படி ஏறியதில்லை. எவ்வளவு கூப்பிட்டும் அசையவில்லை. அதிகாரிகள் பார்க்கிறார்களே என்று எனக்கு எரிச்சல். அம்மாவோ என்னைக் கவனிக்கவே இல்லை. இரண்டு வாசல்களையும் தாண்டிப் பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இடுப்புல சாக்கு கட்டியிருக்காங்க பாரு. நம்ம ஆளுங்கப்பா.”

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, படியேறி, என்னைத் தாண்டி உள்ளே போனார்.

என் பிளான்படி கட்டியிருந்தால் அங்கிருந்து வெறும் சுவர்தான் தெரிந்திருக்கும். மன்னிப்புக் கேட்கலாமென்று ஆசாரியைக் கூடமெங்கும் தேடினேன். அவரும் படிக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தார்.