ஏணியடிச் செருப்பு

இரும்புச் சில்லு உருண்டு கிறீச்சிட, களஞ்சியக் கதவு பக்கவாட்டில் நகர்ந்தது. சில்க்போர்க் நகருக்கு வெளியே, விற்பனைக்கு வந்திருக்கும் இந்தப் பழைய களஞ்சியம் இப்போது வீடு; வாங்கலாமா என்று பார்க்க நானும் கணவரும் வந்திருக்கிறோம். வைக்கோல் பரண் இப்போது படுக்கையறை. அந்தச் சத்தத்துக்கு மட்டும் வயதாகவில்லை.

என் சிறுவயதில் அப்பா இந்தப் பண்ணையில் பன்றிகளைப் பராமரித்தார், பின்கொட்டிலில் குடியிருந்தோம். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்ட சித்தப்பாவும் எங்களோடு இருந்தார். ஒருநாள், பொலிஸ் கார் வயல்பாதையில் திரும்பியதும், அவர் தான் இரவில் படுக்கும் இந்தப் பரணில் ஏறி ஒளிந்தார். ஏணியடியில் அவருடைய செருப்பு, சோடி சேர்த்து, ஒழுங்காகக் கிடந்தது. படுக்கிற இடத்துக்குச் செருப்போடு போகாத மனுசன். அம்மா ஓடிப்போய் அதை மறைத்து நின்றார். கதவு கிறீச்சிட்டது. பொலிஸ்காரர் அம்மாவின் காலடியைப் பார்த்தார். பிறகு ஏணியை அண்ணாந்து பார்த்தார்.

சித்தப்பா இறங்கி வந்தார்.

"உயிருக்குப் பயந்து ஓடேக்கையும் கழட்டிப்போட்டே ஓடுவாய்?" அம்மா அழுதுகொண்டே ஏசினார்.

"பழகிப்போச்சு, அண்ணி."

இன்று அதே இடத்தில், மாடிப்படியடியில், என் கணவர் சப்பாத்தைக் கழற்றக் குனிகிறார். அவர் தோளை இறுகப் பிடிக்கிறேன்.

சித்தப்பாவை நாங்கள் கடைசியாகக் கண்டது பொலிஸ் காரின் கதவடியில். ஏறுமுன் அங்கேயும் குனிந்தார். அம்மா முற்றத்திலிருந்து கத்தினார்:

"கழட்டாதை தம்பி, போட்டுக்கொண்டே ஏறு!"